நம் வானில் வலசைப் பருந்துகள்

பால்மரங்கள் இலையுதிர்க்கும் காலத்தை நம் தோட்டப் பெருமக்கள் நன்கறிவர். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மரங்கள் மொட்டையாகி நிற்கும். சருகுகள் காலடியில் நொறுங்கும். பால் வரத்தும் குறைந்துவிடும். மற்ற மாதங்களில் பச்சைக் கூரையால் மறைக்கப்பட்டிருக்கும் வானம் அக்காலத்தில்தான் தோட்டத்தினுள் நிற்பவர் கண்களுக்கு முழுமையாகத் தெரியும். மேற்குக் கரையை ஒட்டிய தோட்டங்களில் வாழ்வோர், காலை பத்து மணிக்குமேல் ஒரு கால் மணி நேரம் அவ்வானத்தை அண்ணாந்து பார்ப்பாராயின், சிறகை அசைக்காமல் வட்டமிட்டு உயர்ந்து, பின் ஒன்றன்பின் ஒன்றாக வடக்கு நோக்கிச் சறுக்கிச் செல்லும் கரும்புள்ளிகளைக் காணக்கூடும். அவை பருந்துகள்.

பருந்து என்றதும் நம் தாய்மார்கள் முதலில் செய்வது கோழிக்குஞ்சுகளைக் கூடைக்குள் அடைப்பதே. தாய்க்கோழியும் அவ்வாறே கொக்கரித்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்த்துக்கொள்ளும். சிறுவர்களோ உண்டிவில்லைத் தேடி ஓடுவர். ஆயினும், அவ்வானில் செல்லும் பறவைகளுள் மிகப் பெரும்பாலானவற்றிற்கு நம் கோழிக்குஞ்சுகளின்மேல் நாட்டமே இல்லை. அவை சுமத்ராவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் புறப்பட்டு, ஜப்பான், கொரியா, வடசீனம், சைபீரியா ஆகிய இடங்களிலுள்ள தம் பிறந்தகத்திற்குத் திரும்பிக்கொண்டிருக்கும் வழிப்போக்கர்கள். இவ்வாறு பருவந்தோறும் இடம் பெயர்வதை வலசை போதல் என்று கூறுவர். அவற்றைப் பற்றி நாம் அறிந்தவற்றை மாணவர்க்கும் பெற்றோர்க்கும் இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடல் நலம். நம் நாட்டில் காணும் பருந்துகள் யாவும் வலசை வருவன அல்ல. கோயில் கோபுரத்திற்குமேல் வட்டமிடக் கண்டு நம் பாட்டிமார் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கருடன், அதாவது வெண்தலையும் செம்பழுப்பு உடலுமுடைய செம்பருந்து, இங்கேயே கூடு கட்டி இங்கேயே வாழ்வது. மறுநடவு செய்த செம்பனைக் காட்டின்மேல், கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதுபோல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று கீழே நோக்கும் சாம்பல் வெள்ளைப் பறவையும் அவ்வாறே. அதற்குக் கருந்தோள் பருந்து என்று பெயர். எலிதான் அதன் உணவு. அது நம் ஊர்ப் பறவை. குளிருக்கு அஞ்சி ஓடி வந்ததன்று.

வலசை வருவனவோ செப்டம்பர் முதல் நவம்பர் வரை வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வருகின்றன. வடநாடுகளில் பனி பெய்யத் தொடங்கினால் தேனீயும் குளவியும் தவளையும் பாம்பும் வெளியே தலை காட்டமாட்டா. இவற்றை உண்டு வாழும் பறவை அங்கே தங்கினால் பட்டினி கிடந்து மடிய வேண்டியதுதான். எனவே குளிர்காலத்தை வெப்ப நாடுகளில் கழித்துவிட்டு, பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையுள்ள காலத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்பொருட்டு மீண்டும் வடக்கே செல்கின்றன.

இப்பயணத்தை அவை எவ்வாறு செய்கின்றன என்பதே நம்மை வியப்பில் ஆழ்த்துவது. ஒரு கிலோ எடையுள்ள பறவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டரைச் சிறகடித்தே கடக்க முற்பட்டால் அதன் உடலிலுள்ள கொழுப்பு விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே அது காற்றை ஏணியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. குப்பையை எரிக்கும்போது கருகிய காகிதத் துண்டுகள் தாமே மேலே எழுவதை நாம் பார்த்திருக்கிறோம். சூடான காற்று இலேசானது; ஆதலால் மேலே எழும்; எழும்போது இலேசான பொருள்களையும் தூக்கிச் செல்லும். வெயில் ஏறியதும் தார்ச்சாலை, அறுவடை முடிந்த வயல், மரம் சாய்த்து வெறுமையாகக் கிடக்கும் நிலம் ஆகியவை பக்கத்துக் காட்டைவிட விரைவில் சூடேறுகின்றன. அவற்றின்மேல் வெப்பக்காற்று தூண்போல் எழுகிறது. பருந்து அத்தூணுக்குள் புகுந்து, அகன்ற சிறகுகளை விரித்து, சுற்றிச் சுற்றி உயரே செல்கிறது. உச்சியை அடைந்ததும் சிறகைச் சற்றே மடக்கி, தான் செல்ல வேண்டிய திசையில் பல கிலோமீட்டர் தூரம் சறுக்கி இறங்குகிறது. அங்கே மற்றொரு தூண் கிடைத்தால் மீண்டும் ஏற்றம். ஒரு பருந்து வட்டமிடக் கண்டால் மற்றவையும் அங்கே ஏணி இருப்பதை அறிந்து வந்து சேர்ந்துகொள்ளும். நாம் கூட்டமாகப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே. காலை எட்டு மணிக்கு வானம் வெறுமையாக இருப்பதற்கும், மாலை நான்கு மணிக்குமேல் அவை மரங்களில் இறங்கி அடங்குவதற்கும் இதுவே விடை.

ஆனால் கடலின்மேல் இவ்வேணி கிடைப்பதரிது. கடல்நீர் நிலத்தைப்போல் விரைவில் சூடேறாது. ஆகையால் கடலைக் கடக்கும்போது பருந்து தன் சொந்த வலிமையால் சிறகடிக்க வேண்டியிருக்கிறது. களைத்து நீரில் விழுந்தால் எழ முடியாது. இதனாலன்றோ அவை எவ்விடத்தில் கடல் மிகக் குறுகியிருக்கிறதோ அவ்விடத்தைத் தேடி வருகின்றன!

அத்தகைய இடம் ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. போர்ட்டிக்சனுக்குத் தெற்கே கடலுக்குள் நீண்டிருக்கும் தஞ்சோங் துவான் என்னும் முனைதான் அது. நிலப்புறம் முழுவதும் நெகிரி செம்பிலான் சூழ்ந்திருந்தபோதிலும் அம்முனை மலாக்கா மாநிலத்திற்குச் சொந்தமானது என்பது பலர் அறியாத செய்தி. போர்த்துக்கீசியர் காலந்தொட்டே அங்கு விளக்கெரிந்ததாகக் கூறுவர். இன்றுள்ள கலங்கரை விளக்கம் 1863ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. 1606ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியக் கப்பற்படையும் ஒல்லாந்தர் கப்பற்படையும் அம்முனைக்கு எதிரேதான் பொருதன. அதற்கு நேர் எதிரே, ஏறக்குறைய 38 கிலோமீட்டர் தொலைவில், சுமத்ராவை ஒட்டிய ரூப்பாட் தீவு இருக்கிறது. சுமத்ரா முழுவதும் சிதறிக் கிடந்த பருந்துகள் மார்ச் மாதத்தில் அத்தீவின் பக்கம் வந்து குவிந்து, வெயில் ஏறியபின் உயரே எழுந்து, தஞ்சோங் துவான் காட்டைக் குறிவைத்துக் கடலின்மேல் வருகின்றன. ஒரு பருவத்தில் பல்லாயிரம் பறவைகள் இவ்வழியே கடப்பதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். மலேசிய இயற்கைச் சங்கத்தார் 2000ஆம் ஆண்டு தொடங்கி, மார்ச் மாதத்தில் பொதுமக்களை அங்கு அழைத்துப் பருந்து காணும் விழாவை நடத்தி வந்திருக்கின்றனர்.

நாமும் மாணவர் சிலரையும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு ஒரு மார்ச் மாதத்துச் சனிக்கிழமையன்று அங்குச் சென்றோம். கலங்கரை விளக்கத்திற்கு ஏறும் பாதை காட்டினூடே செல்வது. மேலே சென்று கடலை நோக்கி அமர்ந்தோம். பத்தரை மணி வரையில் ஒன்றுமே வரவில்லை. மாணவர்கள் கொண்டுவந்திருந்த நாசி லெமாக் பொட்டலங்கள் மட்டும் தீர்ந்துகொண்டிருந்தன. பதினொரு மணியளவில் கடலின்மேல் தூசு பறப்பதுபோல் ஏதோ தெரிந்தது. தூசு புள்ளியாயிற்று, புள்ளி சிறகாயிற்று. சற்று நேரத்தில் அவை நம் தலைக்குமேல் தென்னை உயரத்தில், ஒவ்வொரு இறகும் எண்ணத்தக்க அண்மையில், வாய் பிளந்தவாறு வந்தன. கடல் கடந்த களைப்பு அவற்றின் சிறகடிப்பிலேயே தெரிந்தது. கரைக்கு வந்ததும் சில காட்டு மரங்களில் அமர்ந்துவிட்டன. மற்றவை பாறையின்மேல் எழும் வெப்பக்காற்றைக் கண்டுபிடித்துச் சுழன்று ஏறி, நாம் கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்தன.

அவ்வாறு வந்தவற்றுள் மிகுதியானவை தேன்பருந்துகள். இப்பறவையைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

தேன்பருந்தின் சிறகுகளை விரித்து அளந்தால் ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை நான்கடிக்கு மேலிருக்கும். ஆயினும் தலை சிறியது; கழுத்து நீண்டது; பார்ப்பதற்குப் புறாவின் தலையைப் பருந்துக்கு ஒட்டவைத்ததுபோல் தோன்றும். நிறமோ ஒன்றுக்கொன்று ஒவ்வாதது. ஒன்று கரும்பழுப்பாயிருக்கும், மற்றொன்று வெண்மை கலந்திருக்கும், வேறொன்றின் மார்பில் வரிகள் இருக்கும். புதிதாகப் பார்ப்பவர் ஐந்து வகைப் பறவைகளைக் கண்டதாகவே எண்ணிக்கொள்வர். இதன் உணவு குளவிக் கூட்டிலும் தேனடையிலும் உள்ள புழுக்கள். பெயர் தேன்பருந்து எனினும் அது முதன்மையாகத் தேடுவது தேனையன்று, அடைக்குள் வளரும் இளம்புழுவையே. கொட்டும் குளவிகளுக்கு நடுவே புகுவதற்கேற்ப அதன் முகத்தில் செதில்போன்ற சிறுசிறு இறகுகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. மண்ணுக்குள் இருக்கும் கூட்டைத் தோண்டுவதற்கேற்ற கால்களும் உண்டு. செம்பனைக் குலை வெட்டும்போதும் புல் வெட்டும்போதும் குளவிக் கூட்டைக் கலைத்துவிட்டு ஓடிய அனுபவம் நம்மில் பலர்க்கு உண்டு. அக்கூட்டையே உணவுத் தட்டாகக் கருதும் பறவை இது.

ஜப்பானில் கூடு கட்டும் தேன்பருந்துகள் எவ்வழியே வருகின்றன என்பதைத் தோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோயோஷி ஹிகுச்சி என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 2003ஆம் ஆண்டு முதல் ஆராய்ந்தனர். பறவையின் முதுகில், அதற்குப் பாரமாகாத எடையுள்ள ஒரு சிறு கருவியைக் கட்டி, செயற்கைக்கோளின் உதவியால் அது செல்லுமிடத்தைக் குறித்தனர். அதனால் தெரியவந்த வழி நேர்வழியன்று. இலையுதிர் காலத்தில் அவை ஜப்பானின் மேற்கிலிருந்து கிழக்குச் சீனக் கடலைச் சுமார் 700 கிலோமீட்டர் தூரம் ஒரே மூச்சில் கடந்து சீனாவை அடைகின்றன. பின் வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து ஆகிய நாடுகளின்மேல் இறங்கி, நம் தீபகற்பத்தின் நெடுகிலும் வந்து, சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போர்னியோவுக்கும் செல்கின்றன. இளவேனிலில் திரும்பும்போதோ வேறு வழி. அப்போது அகன்ற கடலைத் தவிர்த்து, வடக்கே சுற்றிச் சென்று, கொரியத் தீபகற்பத்தின் வழியாக ஜப்பானுள் நுழைகின்றன. எக்காற்று எப்போது துணை செய்யும், எப்போது எதிர்க்கும் என்பதற்கேற்பவே வழியும் மாறுகிறது. ஜாவா வரை செல்லும் பறவையின் ஒருவழிப் பயணம் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டராகும்.

தேன்பருந்துகளோடு சிறியனவும் வருகின்றன. கருநிறமும், தலையில் நீண்ட கொண்டையும், மார்பில் வெள்ளைப் பட்டையும் உடைய ஒரு சிறு பருந்து கூட்டங்கூட்டமாக வரும். பூச்சிகளே அதற்குப் பெரும்பாலும் உணவு. சீன, ஜப்பானிய வல்லூறுகள் ஏறக்குறையப் புறாவின் அளவே இருக்கும். கண் இமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். சாம்பல் முகப் பருந்து எப்போதாவது ஒன்றிரண்டு தென்படும்.

அன்று நம்முடன் வந்திருந்தவருள் ஒருவர் ஒரு மாணவியின் பாட்டனார். நாற்பதாண்டுகள் பால்மரம் வெட்டியவர். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் பார்த்திருந்துவிட்டு, “வாத்தியாரையா, இதுகளெல்லாம் கோழி திருடுறதுன்னுல்ல நாங்க கல்லு எறிஞ்சிக்கிட்டு இருந்தோம்!” என்றார். “கோழி தூக்குற பருந்தும் இருக்கு தாத்தா, ஆனா அது இது இல்ல” என்று அவருடைய பேத்தியே அவருக்கு விடை கூறிவிட்டாள்.

அச்சிறுமி கூறியது உண்மை. காட்டை ஒட்டி வாழும் குடுமிக்கழுகு போன்ற சில உள்நாட்டுப் பறவைகள் வாய்ப்புக் கிடைத்தால் குஞ்சுகளைத் தூக்கிச் செல்வதுண்டு. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. கோழி வளர்ப்போர்க்கு அது இழப்பே. ஆனால் குஞ்சுகள் ஓரளவு வளரும்வரை பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பதாலேயே அவ்விழப்பைப் பெரிதும் தவிர்த்துவிடலாம். மேலும், தீபகற்ப மலேசியாவில் இப்பறவைகள் யாவும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைச் சுடுவதும் பிடித்து வளர்ப்பதும் குற்றமாகும்.

நெல் வயல் பக்கம் வாழும் மாணவர்களுக்கு வேறொரு காட்சி காத்திருக்கிறது. கெடா, பெர்லிஸ், செபராங் பிறை, கிரியான் முதலிய இடங்களில் அக்டோபர் முதல் மார்ச் வரை பூனைப்பருந்துகள் வந்து தங்குகின்றன. இவை உயரே வட்டமிடுவதில்லை. சிறகுகளை மேல்நோக்கி உயர்த்தி, கதிர்களின் நுனியைத் தொடுவதுபோல் தாழப் பறந்து, வரப்பு வரப்பாகத் துழாவும். திடீரென்று திரும்பி விழும். காலில் எலியோ தவளையோ சிறு பறவையோ அகப்பட்டிருக்கும். பூனை பதுங்கித் தேடுவதுபோல் தேடுவதாலோ என்னவோ நம் முன்னோர் இப்பெயரைச் சூட்டினர். இவற்றுள் ஒருவகையில் ஆண் பறவை கருமையும் வெண்மையும் சாம்பலும் கலந்து மிக அழகாயிருக்கும்; பெண் பறவை பழுப்பு நிறமுடையது. இரவில் இவை மரத்தில் அடைவதில்லை; புல்வெளியிலும் நாணற்புதரிலும் தரையில் கூட்டமாக உறங்கும். ஆகவே அறுவடைக்குப்பின் தாளைக் கொளுத்துவோர் அவற்றின் படுக்கையையும் கொளுத்தியவர் ஆகின்றனர்.

எலி என்றதும் ஒரு செய்தியைக் கூறாமல் இருக்க முடியவில்லை. செம்பனைத் தோட்டங்களில் எலி செய்யும் அழிவு கொஞ்சநஞ்சமன்று. அதனைத் தடுக்க நஞ்சுக் கட்டிகள் வைக்கப்படுகின்றன. நஞ்சுண்ட எலி உடனே இறப்பதில்லை. சில நாள்கள் தளர்ந்து தள்ளாடித் திரியும். தள்ளாடும் எலியைத்தான் பறவை எளிதில் பிடிக்கும். 1980களில் நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் வலிமை மிக்க புதுவகை எலிநஞ்சுகள் பயன்படுத்தப்பட்டபோது, எலியைத் தின்று உதவிவந்த கூகைகள் அத்தோட்டங்களில் குறைந்துபோனதை ஆராய்ச்சியாளர் கண்டனர். கூகை நம்மோடு இருப்பது. அதன் குறைவு கண்ணுக்குத் தெரிந்தது. மார்ச்சில் வயலைவிட்டுப் பறந்துபோகும் பூனைப்பருந்து வழியில் எங்கோ விழுந்து கிடந்தால் அதனை யார் அறிவார்? நஞ்சு வைக்கும் வேலை செய்யும் நம் பெற்றோர்கள், செத்த எலிகளையும் தின்னாது மிஞ்சிய கட்டிகளையும் பொறுக்கிப் புதைத்தால் அதுவே பேருதவியாகும். அது நம் கோழிகளுக்கும் நாய்களுக்கும்கூடப் பாதுகாப்பு. எவ்வகை நஞ்சு வைப்பது என்பதோ தொழிலாளியின் கையில் இல்லை. அதனை முடிவு செய்வோர்தாம் அதற்குப் பொறுப்பு.

வேற்று நாடுகளிலும் இப்பறவைகள் பல இன்னல்களைத் தாண்டியே வருகின்றன. சாம்பல் முகப் பருந்து ஜப்பானில் மலையடிவார நெல் வயல்களின் ஓரத்தில் கூடு கட்டித் தவளையும் பாம்பும் பிடித்து வாழ்வது. உழவர்கள் நகரங்களுக்குக் குடிபெயர, உழுவாரின்றி வயல்கள் புதராகியபோது அதன் எண்ணிக்கையும் குறைந்தது. உழவு நின்றால் பறவைக்கும் உணவில்லை என்பது எண்ணிப் பார்க்கத் தக்கதன்றோ! அதே பறவை அக்டோபரில் தைவான் தீவின் தென்கோடியைக் கடக்கிறது. அந்நாட்டின் தேசிய நாளாகிய அக்டோபர் 10ஐ ஒட்டி வருவதால் அதனைத் தேசிய நாள் பறவை என்றே அங்குள்ளோர் அழைக்கின்றனர். முன்னாளில் இரவில் மரத்தில் அடைந்தவற்றைப் பிடித்து விற்றார்கள். இன்று அதே ஊர்களுக்கு அவற்றைக் காணவே மக்கள் வருகிறார்கள்.

இந்தியாவின் நாகாலாந்து மாநிலத்தில் நிகழ்ந்தது இன்னும் வியப்பானது. அங்குள்ள டோயாங் நீர்த்தேக்கத்தின் பக்கம், கிழக்கு ஆசியாவிலிருந்து ஆப்பிரிக்கா செல்லும் அமூர் வல்லூறுகள் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இலட்சக்கணக்கில் தங்குகின்றன. 2012ஆம் ஆண்டில் மீன் வலைகளை மரங்களுக்கிடையே கட்டி அவற்றை ஆயிரம் ஆயிரமாகப் பிடித்து விற்கும் காட்சி வெளியுலகிற்குத் தெரியவந்தது. பலரும் பதைத்தனர். மறு ஆண்டே பாங்தி முதலிய சிற்றூர் மக்கள் தாமே கூடிப் பேசி வேட்டையைக் கைவிட்டனர். வலை கட்டியவர்களே காவல் நின்றனர். அவ்வாண்டு செயற்கைக்கோள் கருவி கட்டி விடப்பட்ட மூன்று பறவைகளுக்கு நாகா, வோகா, பாங்தி என்று அவ்வட்டாரத்துப் பெயர்களையே சூட்டினர்.

பருந்து காண விரும்பும் மாணவர்களுக்குச் சில சொற்கள். இருகண் நோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. கதிரவனை மட்டும் எக்காரணத்தாலும் நோக்கியால் பார்த்துவிடாதீர்கள், கண் கெடும். மழை பெய்து ஓய்ந்து வெயில் அடிக்கும் முற்பகலே சிறந்த நேரம். வெள்ளை மேகத்தின் பின்னணியில் தேடினால் எளிதில் தென்படும். நீல வானில் தேடுவது கடினம். பறவை தெரிந்ததும் பெயரைக் கண்டுபிடிக்க அவசரப்பட வேண்டா. சிறகு அகன்றதா, குறுகியதா? வால் நீண்டதா, குட்டையானதா? வட்டமிடுகிறதா, நேரே செல்கிறதா? எத்திசை? எத்தனை? மணி என்ன? இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டமாக வரும்போது வட்டமிடுகையில் எண்ணினால் கணக்குத் தவறும். ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கத் தொடங்கியதும் எண்ணுவதே எளிது. இக்கணக்கை அன்று நம் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள்தாம் நமக்குக் கற்பித்தார்கள். நாம் வட்டத்தையே எண்ணிக் குழம்பிக்கொண்டிருந்தோம்.

அன்று பிற்பகல் மூன்று மணி வரையில் மாணவர்கள் குறித்த தொகை நானூற்றுப் பதினேழு. பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அனைவரையும் அழைத்துக் கீழே இறங்கினோம். அப்பாட்டனார் மட்டும் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது அவர் கையைப் புருவத்திற்குமேல் வைத்துக் கடலையே நோக்கிக்கொண்டு, “இன்னும் ரெண்டு வருது, எழுதிக்குங்க” என்றார். எழுதிக்கொண்டோம், நானூற்றுப் பத்தொன்பது.